அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றத்தில் ஒரு ஃபெலனி திருட்டு வழக்கு எப்படி முடிகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் ஹூஸ்டனில் எம்.எஸ். படிக்கிறான். ஒரு பெரிய கடையில், வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்அவுட்டில், சில பொருட்களை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டான் என்று பிடித்துவிட்டார்கள். அன்று பையில் இருந்தது 140 டாலர் பொருள். ஆனால் கடையில் மூன்று மாத கேமராப் பதிவைப் பார்த்து, இதுவரை 11 முறை இப்படி எடுத்திருக்கிறான், மொத்தம் 2,780 டாலர் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், என்று வழக்கு போட்டாகிவிட்டது. பையன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். "பணத்தைக் கட்டிவிடுகிறோம், கடைக்காரர் வாபஸ் வாங்க மாட்டாரா? கேஸ் எப்படி முடியும்? விசாவுக்கு என்ன ஆகும்?" இதுதான் கேள்வி.

நான் வக்கீல் இல்லை. ஹூஸ்டனில் குற்ற வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் பல வருடங்களாக உதவியாளராக இருக்கிறேன். இந்த மாதிரி வழக்குக் கட்டுகள் என் மேசை வழியாக நிறையப் போயிருக்கின்றன. தம்பியின், அதாவது உங்கள் அக்கா மகனின், வழக்கில் என்ன செய்ய வேண்டும் என்று அவனுடைய வக்கீல்தான் சொல்ல வேண்டும். இந்த ஊர் நீதிமன்றம் எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

முதல் விஷயம், வாபஸ். இந்தியச் சட்டத்தில் சாதாரணத் திருட்டு வழக்கைப் பொருளின் சொந்தக்காரர் சமரசம் செய்து முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் வழக்கின் பெயரே "டெக்சஸ் மாநிலம் எதிர் இன்னார்" என்றுதான் இருக்கும். கடை அதில் சாட்சி மட்டும்தான். வழக்கை நடத்துவதா விடுவதா என்ற முடிவு டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்ற அரசு வழக்கறிஞரின் கையில் இருக்கிறது. அவர் நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். கடைக்காரர் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சத்தியப் பத்திரமே எழுதிக் கொடுத்தாலும் அது அரசு வழக்கறிஞரைக் கட்டுப்படுத்தாது. பேரம் பேசும்போது உதவும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் கடையின் சார்பாக ஏதாவது ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து, பணம் கட்டச் சொல்லித் தபால் வரலாம். டெக்சஸில் திருட்டுக்கான சிவில் பொறுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி உண்மையான நஷ்டத்தோடு கூடுதலாக 1,000 டாலர் வரை கேட்க முடியும். அது தனிக் கணக்கு. அதைக் கட்டினால் குற்ற வழக்கு நின்றுவிடும் என்று நினைத்து அவசரமாகக் கட்டுகிறவர்கள் உண்டு. நிற்காது. கட்டும் முன் வக்கீலைக் கேளுங்கள். கட்டுவதே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடக் கூடாது.

அடுத்து, இது ஏன் ஃபெலனி ஆனது? இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் வழக்கின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

டெக்சஸில் திருட்டின் கனத்தைப் பொருளின் மதிப்பு தீர்மானிக்கிறது. 100 டாலருக்குக் கீழ் என்றால் கிளாஸ் சி. அபராதம் மட்டும்தான், அதுவும் 500 டாலர் வரை. 100 முதல் 750க்குள் கிளாஸ் பி. அதிகபட்சம் 180 நாள் ஜெயில். 750 முதல் 2,500க்குள் கிளாஸ் ஏ. அதிகபட்சம் ஒரு வருடம். இந்த மூன்றும் மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்கள். 2,500 டாலரைத் தொட்டால் ஃபெலனி தொடங்குகிறது. 30,000 வரை ஸ்டேட் ஜெயில் ஃபெலனி என்ற வகை; குறைந்தது 180 நாள், அதிகபட்சம் 2 வருடம், 10,000 டாலர் வரை அபராதம். அதற்கு மேல் 1,50,000 வரை மூன்றாம் நிலை, 3,00,000 வரை இரண்டாம் நிலை, அதையும் தாண்டினால் முதல் நிலை. முதல் நிலைக்கு ஆயுள் வரை போகலாம்.

2,500 என்ற இந்தக் கோடு 2015 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது. அதற்கு முன் 1,500. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்: கலிபோர்னியாவில் 950, நியூ ஜெர்சியில் 200 டாலரிலேயே பெரிய குற்றமாகிவிடும். அதனால் வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் தன் அனுபவத்தை வைத்துச் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மதிப்பைப் பார்க்காமலே ஃபெலனி ஆகிற திருட்டுகளும் டெக்சஸில் உண்டு. துப்பாக்கி திருடினால், ஒருவரின் உடம்பிலிருந்து பறித்தால், ஏற்கெனவே இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் மறுபடி திருடினால், தொகை எவ்வளவு சிறியதானாலும் ஃபெலனிதான். தம்பிக்கு இவை பொருந்தாது.

அவனுக்குப் பொருந்துவது இன்னொரு பிரிவு. ஒரே திட்டமாகத் தொடர்ந்து செய்த பல திருட்டுகளை ஒன்றாகக் கூட்டி ஒரே குற்றமாக வழக்குப் போடலாம். அன்றைக்குப் பிடிபட்ட 140 டாலர் தனியாக நின்றால் கிளாஸ் பி. மற்ற பத்து நாட்களையும் கூட்டியதால் 2,780. கோட்டைத் தாண்டி 280 டாலர். அந்த 280 டாலருக்காகத்தான் பையன் ஃபெலனி நீதிமன்றத்தில் நிற்கிறான்.

அப்படியானால் அந்தப் பத்து நாட்களையும் அரசுத் தரப்பு எப்படி நிரூபிக்கும்? பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று கேமராப் பதிவும் பில் பதிவும். இன்னொன்று, பையனே எழுதிக் கொடுத்தது. பிடிபட்டவுடன் கடையின் பின்னாலிருக்கும் சின்ன அறையில் உட்காரவைத்து, "எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போலீஸைக் கூப்பிட மாட்டோம்" என்ற தொனியில் பேசுவார்கள். நம் பிள்ளைகள் பயத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். போலீஸ் காவலில் வைத்து விசாரிக்கும்போது, பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று முதலில் எச்சரித்தாக வேண்டும். கடைக் காவலாளி தனியார் ஆள், அவருக்கு அந்தக் கடமை கிடையாது. அவரிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்துக்கு வந்துவிடும். தம்பி அன்று ஏதாவது கையெழுத்துப் போட்டானா என்று முதலில் விசாரியுங்கள். திட்டாமல் விசாரியுங்கள், அப்போதுதான் உண்மையைச் சொல்வான்.

கைது ஆனதிலிருந்து வழக்கு போகும் பாதையைச் சொல்கிறேன். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில், போலீஸ்காரர் நேரடியாக வழக்குப் பதிய முடியாது. இரவு இரண்டு மணியானாலும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, நடந்ததைச் சொல்லி, "இந்தக் குற்றப் பிரிவில் வழக்கு எடுக்கலாம்" என்ற சம்மதத்தை வாங்க வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, குற்றச்சாட்டைச் சொல்லி, ஜாமீன் தொகை நிர்ணயிப்பார்கள். தொகை முழுவதையும் கட்டலாம். இல்லாவிட்டால் ஜாமீன் ஏஜெண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் கொடுத்து அவர் பொறுப்பில் வெளியே வரலாம். அந்தப் பத்து சதவீதம் திரும்ப வராது. சிலருக்குப் பணமில்லாமல் சொந்தப் பிணையிலேயே விடுவார்கள். தம்பி வெளியே இருக்கிறான் என்பதால் இந்தக் கட்டம் முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: ஒரு வாய்தாவைத் தவறவிட்டாலும் ஜாமீன் ரத்தாகி வாரண்ட் வரும்.

பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். டெக்சஸில் மொத்தம் 254 கவுண்டிகள். ஒரே கவுண்டியில் சிறு குற்றங்களுக்குக் கவுண்டி கோர்ட், ஃபெலனிகளுக்கு டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்று இரண்டு அடுக்கு இருக்கும். ஹூஸ்டன் நகரின் நடுவில், பிராங்க்ளின் தெருவில் இருக்கும் இருபது மாடிக் கட்டடத்தில் இரண்டுமே நடக்கின்றன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளம் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து பல மாதங்கள் அதை மூட வேண்டியதாயிற்று. வழக்குகள் மலைபோலக் குவிந்தன, அப்புறம் கொரோனா வந்தது. நீதிபதிகளும் கட்சி அடிப்படையில் தேர்தலில் நின்று வருகிறவர்கள்தான்.

ஃபெலனி என்பதால் கிராண்ட் ஜூரி வரும். பொதுமக்களில் 12 பேர் கொண்ட குழு அது. அரசுத் தரப்பு தன் ஆதாரத்தை மூடிய அறையில் அவர்களிடம் காட்டும். 12 பேரில் 9 பேர் "வழக்கு நடத்தப் போதுமான முகாந்திரம் இருக்கிறது" என்று சொன்னால் குற்றச்சாட்டு உறுதியாகும். இல்லையென்றால் "நோ பில்". வழக்கு அங்கேயே நின்றுவிடும். நம் தரப்பு வக்கீலுக்கு அந்த அறைக்குள் போக உரிமை கிடையாது. ஆனால் எழுத்தில் விளக்கமும் ஆவணங்களும் அனுப்பிப் பார்க்கலாம். மதிப்புக் கணக்கில் ஓட்டை இருந்தால் இந்த இடத்திலேயே அதைக் காட்டுவது நல்லது. ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்பதை வக்கீல்தான் எடைபோட வேண்டும், ஏனென்றால் நம் கையை முன்கூட்டியே காட்டுவது சில சமயம் எதிராகத் திரும்பும்.

பிறகு வாய்தாக் காலம். இங்கே அதை ரீசெட் என்பார்கள். மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ தேதி விழும். ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று தோன்றும். உண்மையில் எல்லாம் நடப்பது இந்த நாட்களில்தான். நீதிபதி மேடையில் வேறு ஏதோ வழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓரத்தில் நம் வக்கீலும் அரசுத் தரப்பு இளம் வழக்கறிஞரும் நின்றுகொண்டே, தாழ்ந்த குரலில், கட்டைப் புரட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். தம்பியின் வழக்கு முடியப்போவது அநேகமாக அந்தப் பேச்சில்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2012ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்ட கணக்குப்படி, மாநில நீதிமன்றங்களில் கிடைக்கும் தண்டனைகளில் 94 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை. பேரம் பேசுவது இந்த அமைப்புக்கு ஓரத்தில் இருக்கும் ஒன்று அல்ல, அதுவே இந்த அமைப்பு என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. அதனால்தான் பேரத்தை வக்கீல் ஒழுங்காகச் செய்ய வேண்டும், அரசு கொடுக்கும் சலுகையைக் கட்சிக்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பதும் அரசியல் சட்ட உரிமை ஆயிற்று.

பேரத்தில் அரசுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று தெரிய ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். கென்டக்கி மாநிலத்தின் ஃபேயட் கவுண்டியில் ஹேய்ஸ் என்பவர் 88 டாலர் 30 சென்ட்டுக்கு ஒரு போலிக் காசோலையை மாற்றியதாக வழக்கு. ஒப்புக்கொண்டால் 5 வருடம் என்றார் அரசு வழக்கறிஞர். மறுத்தால், பழைய தண்டனைகளைச் சேர்த்து, வாடிக்கையான குற்றவாளிச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவேன் என்றார். ஹேய்ஸ் மறுத்தார். சொன்னபடியே செய்தார்கள்; ஆயுள் தண்டனை. 1978ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அதைச் சரி என்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. தம்பிக்குப் பழைய தண்டனை எதுவும் இல்லை, அவனை இது தொடாது. ஆனால் "மறுத்தால் என்ன ஆகும்" என்ற நிழல் ஒவ்வொரு பேரத்திலும் இருக்கிறது.

அதற்கு எதிராக நம் கையில் என்ன இருக்கிறது? டெக்சஸில் 2014 முதல் மைக்கேல் மார்ட்டன் சட்டம் இருக்கிறது. செய்யாத கொலைக்காகக் கிட்டத்தட்ட 25 வருடம் சிறையில் இருந்து விடுதலையானவர் அவர். அவருக்குச் சாதகமான ஆதாரங்கள் வெளியே வராமல் இருந்தன. அந்தச் சட்டத்தின்படி, கேட்டால் அரசுத் தரப்பு தன் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும்: போலீஸ் அறிக்கை, வீடியோ, சாட்சி வாக்குமூலம் எல்லாம். தம்பியின் வக்கீல் 11 நாட்களின் வீடியோவையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சில நாட்களுக்கு வீடியோவே இருக்காது, கடை ஊழியர் தட்டச்சு செய்த பட்டியல் மட்டும் இருக்கும். சிலவற்றில் முகம் தெரியாது. சிலவற்றில் அவன் ஸ்கேன் செய்தது பதிவாகியிருக்கும், பட்டியலில் அதையும் சேர்த்திருப்பார்கள். சட்டப்படி மதிப்பு என்பது அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த சந்தை விலை. அன்று தள்ளுபடியில் 18 டாலருக்கு விற்றதைப் பழைய விலை 30 என்று போட்டிருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம். கோட்டைத் தாண்டியது 280 டாலர்தான் என்பதை மறுபடி நினைவில் கொள்ளுங்கள். இரண்டு நாள் பட்டியல் விழுந்தாலே வழக்கு ஃபெலனியிலிருந்து இறங்கிவிடும்.

சரி, முடிவுகள் எத்தனை விதம்?

மிக நல்லது தள்ளுபடி. ஆதாரம் போதாது என்று அரசே கைவிடலாம், அல்லது கிராண்ட் ஜூரி மறுக்கலாம்.

அடுத்தது, பல கவுண்டிகளில் இருக்கும் வழக்குக்கு முந்தைய திருத்தத் திட்டம். முதல் முறை மாட்டியவர்களை ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கண்காணிப்பில் வைப்பார்கள். வகுப்பு, சமூக சேவை, நஷ்டஈடு. ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி, பிறகு பதிவையே அழிக்க மனுப் போடலாம்.

அடுத்தது குறைத்தல். டெக்சஸ் தண்டனைச் சட்டத்தில் 12.44 என்று ஒரு பிரிவு இருக்கிறது. இங்கே வராந்தாவில் நின்றால் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். அதில் ஏ, பி என்று இரண்டு உட்பிரிவுகள். ஏ பிரிவின்படி, ஸ்டேட் ஜெயில் ஃபெலனிக்கு மிஸ்டிமீனர் அளவு தண்டனை கொடுப்பார்கள், ஆனால் பதிவில் ஃபெலனி என்றே நிற்கும். பி பிரிவின்படி, அரசு வழக்கறிஞர் கேட்டுக்கொண்டால், வழக்கே கிளாஸ் ஏ மிஸ்டிமீனராக மாறிவிடும். ஜெயில் நாட்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். வேலைக்குப் போகும்போது ஒன்று ஃபெலனி, இன்னொன்று இல்லை. "12.44 கொடுக்கிறார்கள்" என்று வக்கீல் சொன்னால், எந்த எழுத்து என்று கேளுங்கள்.

பிறகு டிஃபர்ட் அட்ஜுடிகேஷன். குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிபதி "குற்றவாளி" என்று தீர்ப்பு எழுதாமல் தள்ளிவைத்து, சில வருடம் கண்காணிப்பில் வைப்பார். ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி. டெக்சஸ் சட்டப்படி அது தண்டனைத் தீர்ப்பு இல்லை. ஃபெலனியாக இருந்தால் முடிந்து 5 வருடம் கழித்து, பதிவைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைக்க மனுப் போடலாம். நடுவில் நிபந்தனையை மீறினால், முதலில் பேசிய பேரம் எல்லாம் போய், முழு 2 வருடம் வரை நீதிபதி கொடுக்க முடியும்.

சாதாரண புரொபேஷன், அதாவது ஜெயிலுக்குப் பதில் கண்காணிப்பு, வேறு. அதில் தீர்ப்பு உண்டு. "2 வருடம் ஸ்டேட் ஜெயில், அதை நிறுத்திவைத்து 3 வருடம் கண்காணிப்பு" என்கிற மாதிரி எழுதுவார்கள். கடைசியாக, நேரடி ஜெயில். ஸ்டேட் ஜெயிலில் பரோல் கிடையாது, அநேகமாக நாளுக்கு நாள் கழிக்க வேண்டும்.

இங்கே பிறந்த ஒருவருக்கு மேலே சொன்ன வரிசை சரி. தம்பி மாணவர் விசாவில் இருக்கிறான். அவனுக்கு வரிசையே மாறிவிடுகிறது. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

குடியேற்றச் சட்டத்தில் "தண்டனை" என்ற சொல்லுக்குத் தனி வரையறை இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாட்டை விதித்தால் போதும், அது தண்டனைதான். அதனால் டெக்சஸ் காரர்கள் "இது தண்டனையே இல்லை" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடும் டிஃபர்ட் அட்ஜுடிகேஷன், மத்திய அரசின் கண்ணில் தண்டனை. அதற்கு மேல், திருட்டைப் பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் வைக்கிறார்கள். நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட 5 வருடத்துக்குள், ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய அப்படி ஒரு குற்றத்தைச் செய்து தண்டனை பெற்றால், நாடு கடத்தலாம். கவனியுங்கள்: விதித்தது எவ்வளவு என்பது இங்கே கணக்கில்லை, விதிக்கக்கூடியது எவ்வளவு என்பதுதான் கணக்கு.

இப்போது மறுபடி அந்த 12.44 பி பிரிவைப் பாருங்கள். கிளாஸ் ஏ என்றால் அதிகபட்சம் ஒரு வருடம். ஒரு வருடம் "விதிக்கக்கூடியது". எனவே ஃபெலனியிலிருந்து இறங்கிய பிறகும் தம்பி ஆபத்திலேயே இருக்கிறான். கிளாஸ் பி ஆனால் அதிகபட்சம் 180 நாள். அந்த நாடு கடத்தல் பிரிவு அவனைத் தொடாது. உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு கிளாஸ் ஏ, கிளாஸ் பி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் பையனுக்கு 750 டாலர் கோடு, 2,500 டாலர் கோட்டைவிட முக்கியம்.

புரொபேஷன் இன்னும் மோசமாகலாம். திருட்டுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை எழுதப்பட்டால், குடியேற்றச் சட்டத்தில் அது மிகக் கடுமையான குற்ற வகைக்குள் போய்விடுகிறது. நிறுத்திவைத்த தண்டனையும் சேர்த்தி. ஒரு நாள் கூட ஜெயிலுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தவனுடைய தாளில் "2 வருடம், நிறுத்திவைக்கப்பட்டது" என்று இருந்தால் அந்த 2 வருடத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். திருத்தத் திட்டம் பொதுவாகப் பாதுகாப்பானது, ஆனால் சில ஒப்பந்தங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாளையும் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவார்கள். அதன் வாசகத்தைக் குடியேற்ற வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

2010ல் படியா என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவரின் குற்ற வழக்கை நடத்தும் வக்கீல் இந்த விளைவுகளை எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. டெக்சஸில் நீதிபதியும், ஒப்புக்கொள்ளும் முன் "குடிமகன் இல்லையென்றால் நாடு கடத்தப்படலாம்" என்று எச்சரிக்க வேண்டும். ஆனால் அந்த எச்சரிக்கை, பத்துப் பதினைந்து தாள்களில் ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டே போகும்போது வருகிறது. அப்போது கேட்டுப் பயனில்லை. குற்ற வழக்கு வக்கீலும் குடியேற்ற வக்கீலும் முதல் மாதத்திலேயே ஃபோனில் பேசிக்கொள்ள வேண்டும். இதற்கு ஆகும் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் நீதிமன்றம் நியமிக்கும். இந்த உரிமையே ஒரு சின்னத் திருட்டு வழக்கிலிருந்துதான் வந்தது. ஃபுளோரிடாவின் பே கவுண்டியில் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்துக்குள் திருடப் புகுந்ததாக 1961ல் கிடியன் என்பவருக்கு வக்கீல் இல்லாமலே 5 வருடம் கொடுத்தார்கள். சிறையிலிருந்து பென்சிலில் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1963ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. மறு விசாரணையில் வக்கீலோடு நின்றபோது ஜூரி அவரை விடுவித்தது. நியமிக்கப்படும் வக்கீல்களில் நல்ல திறமைசாலிகள் இருக்கிறார்கள். இலவசம் என்பதால் குறைவாக எண்ண வேண்டாம். ஆனால் அவர்களுக்கு வழக்குகள் அதிகம். நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

விசாரணை வரை போனால்? 12 பேர் கொண்ட ஜூரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், 12 பேரும் ஒருமனதாக இருக்க வேண்டும். டெக்சஸில் தண்டனை அளவையும் ஜூரியே சொல்லட்டும் என்று கேட்க முடியும். பெரும்பாலான மாநிலங்களில் இது கிடையாது. திருட்டு வழக்கில் அங்கே வரை போவது அபூர்வம். ஆனால் போகத் தயாராக இருக்கும் வக்கீலுக்குத்தான் பேரத்திலும் மரியாதை கிடைக்கும்.

எத்தனை நாள் ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம். வெளியே இருக்கும் பையனுக்குத் தாமதம் பல சமயம் நல்லதே. படிப்பு நடக்கும், நஷ்டஈட்டுக்குப் பணம் சேர்க்கலாம், கடையின் சாட்சி வேலை மாறிப் போயிருக்கலாம். அவசரப்பட்டு "எப்படியாவது முடித்துவிடுங்கள்" என்று வக்கீலை நெருக்காதீர்கள். ஊரிலிருந்து பெற்றவர்கள் தினமும் ஃபோனில் அழுதால், பையன் கையில் கொடுத்த முதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவான். இதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் அவன் இந்தியா வரக் கூடாதா என்றும் அக்கா கேட்பார்கள். ஜாமீன் நிபந்தனை அனுமதித்தால்கூட வர வேண்டாம். கைது ஆனதற்காக மட்டுமே தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை அது உடனே அவனை வெளியேற்றாது, ஆனால் நாட்டைவிட்டு வெளியே வந்துவிட்டால் புது விசா இல்லாமல் திரும்பிப் போக முடியாது. பிறகு எந்தக் காலத்திலும் விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா" என்ற கேள்வி இருக்கும். வழக்கு தள்ளுபடியாகிப் பதிவை அழித்திருந்தாலும் "ஆம்" என்று எழுதி, நீதிமன்றத் தாளின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும். அழிக்கும் உத்தரவு வருவதற்கு முன்பே அந்த நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீதிமன்றத்தில் கேட்டால் அப்படி ஒரு வழக்கே இல்லை என்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 11 தேதிகளையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்த நாட்களில் அவன் எங்கே இருந்தான், வகுப்பா, வேலையா, கடையில் கார்டு தேய்த்தானா, எவ்வளவுக்கு என்று வங்கி ஸ்டேட்மெண்ட்டை எடுத்து ஒவ்வொரு தேதிக்கும் எதிரே குறிக்கட்டும். பில்கள் ஈமெயிலில் இருந்தால் அவற்றையும். யாரிடமும், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும்கூட, இதைப் பற்றிப் பேசாமல் அந்தத் தாளை நேராக வக்கீலிடம் கொடுக்கட்டும். 2,780 என்ற எண்ணிலிருந்து எவ்வளவு கழிக்க முடியும் என்று அவர் அதை வைத்துத்தான் பார்க்கத் தொடங்குவார்.